புதிய ஆயரும் பழைய கேள்வியும்

ஒரு மறைமாவட்டத்திற்குப் புதிய ஆயர் நியமிக்கப்பட்டார் என்ற செய்தி உரோமையிலிருந்து வந்தவுடன் ஆலய மணி ஒலிக்கும். அம்மணியோசை அடங்குவதற்குள் ஆலய வாசலில் ஒரு கேள்வி எழும். அவர் எத்தனை பங்குகளில் உழைத்தார், ஏழைகளிடம் எவ்வாறு பழகுவார் என்பதன்று அக்கேள்வி. “யாரு, நம்மவரா?” என்பதே அது. கேட்பவரும் சொல்பவரும் சாதியின் பெயரை வாய்விட்டு உரைப்பதில்லை. பிறந்த ஊரும் தந்தையின் பெயரும் தெரிந்தால் போதும். எஞ்சியதைக் கணித்துக்கொள்ளும் திறமை நமக்கு நிரம்ப உண்டு.

நம் முன்னோர் பிரான்சு நாட்டினின்றும் இத்தாலியினின்றும் வந்த சுவாமிமாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். அவர்கள் கையால் நற்கருணை பெற்றார்கள். அவர்தம் குலம் யாது என்று எவரும் வினவியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. வெண்ணிறமே போதுமான குலமாக இருந்தது போலும்! ஓர் இத்தாலியக் கிராமத்துத் தபால்காரரின் மகன் 1903-ஆம் ஆண்டு பத்தாம் பத்திநாதர் என்னும் பெயருடன் திருத்தந்தையானபோது, அவருடைய படத்தை நடுவீட்டில் மாட்டி விளக்கேற்றினோம். நம்மூர்த் தபால்காரர் மகன் மேற்றிராணியாராக வந்தால் மட்டும் நமக்கு ஆயிரம் விசாரணைகள்.

1844-இல் ஆயர் பொன்னாந்து தலைமையில் புதுச்சேரியில் கூடிய திருச்சபைச் சங்கம், சுதேசக் குருக்களை உருவாக்குவதைத் தன் தலையாய கவலைகளுள் ஒன்றாகக் கொண்டது. மறு ஆண்டே உரோமையிலிருந்து வந்த போதனை, உள்நாட்டுக் குருக்களை ஆயர் நிலைக்கே உயர்த்த ஆவன செய்யவேண்டும் என்று மறைபரப்பாளர்களைப் பணித்தது. ஆனால் தூத்துக்குடி மறைமாவட்டத்தின் முதல் ஆயராக மேதகு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை நியமனம் பெற்றதோ 1923-இல். இடையே 78 ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்தாமதத்தில் ஐரோப்பியரின் நிறப்பற்றுக்குப் பங்குண்டு, அதை மறைப்பதற்கில்லை. எனினும், ஒரு சாதியில் பிறந்த குருவை மற்றொரு சாதியார் ஏற்பார்களோ என்ற அச்சமும் உடனிருந்தது. அவ்வச்சத்திற்கு இடம் கொடுத்தவர்கள் வெள்ளையரல்லர்.

இக்காலத்தில் அதெல்லாம் ஏது என்று சிலர் கூறக்கூடும். 2003-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் குறித்தே வெளிப்படையாகப் பேசினார். கிறிஸ்தவர்களிடையே நிலவும் சாதி உணர்வு நற்செய்திப் பணிக்கே பெருந்தடை என்று எச்சரித்தார். 2002-இல் சென்னை-மயிலை உயர் மறைமாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட நமது செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் முதல் ஆயர் மேதகு நீதிநாதன் அவர்கள், இந்திய ஆயர் பேரவையின் தலித் மக்கள் பணியகத்திற்குத் தலைமை ஏற்றிருந்த காலத்தில், 2016 டிசம்பரில், தலித் மக்களின் மேம்பாட்டிற்கான கொள்கை வெளியிடப்பட்டது. இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 இலட்சம் பேரில் 1 கோடியே 20 இலட்சம் பேர் தலித் மக்கள் என்று அது கணக்கிட்டது. திருச்சபையின் தலைமையில் அவர்கள் மிகச் சிலரே என்பதை யாவரும் அறிவோம். ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா 2022 ஆகஸ்டில் கர்தினாலாக உயர்த்தப்பட்டபோதுதான் தலித் மக்களுக்கு முதல் கர்தினால் கிடைத்தார்.

அதே ஆண்டில் புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்திற்குப் புதிய பேராயர் நியமிக்கப்பட்டார். தலித் ஒருவர் நியமிக்கப்படவில்லையே என்று தலித் கிறிஸ்தவர்கள் போராடினார்கள். “அவர்களும் சாதியைத்தானே பேசுகிறார்கள்?” என்று நம்மில் பலர் அன்று முகம் சுளித்தோம். அவ்வாறு சுளித்தது நியாயமன்று என்றே இப்போது கருதுகிறோம். பந்தியில் இடமே பெறாதவன் இலை கேட்பதும், பந்தி முழுவதும் அமர்ந்திருப்பவன் பக்கத்து இலையில் யார் என்று எட்டிப்பார்ப்பதும் ஒன்றாகா. வந்தவரை அன்புடன் வரவேற்பது நம் கடமை. வராதவரைப் பற்றிக் கேட்பவரைப் பழிப்பது கடமையாகாது.

தறியோசையும் கோயில் மணியும் சூழக் காஞ்சியில் வாழும் நமக்கு வைணவ அன்பர்கள் சொல்லும் வரலாறொன்று தெரியும். வரதராசர் சந்நிதியில் ஆலவட்டத் தொண்டு செய்த திருக்கச்சி நம்பி அந்தணரல்லர். இளைஞரான இராமாநுசரோ அவரையே குருவாக எண்ணினார். அவர் உண்டு மிஞ்சியதை உண்ண விரும்பி அவரை விருந்துக்கு அழைத்தார். இராமாநுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பி வந்து உண்டு போனார். இராமாநுசரின் மனைவியாரோ இலையை எடுத்தெறிந்து, இடத்தைக் கழுவி, நீராடிவிட்டுக் கணவருக்குப் புதிதாகச் சமைத்தார். திரும்பிவந்தவர் உள்ளம் நொந்து போனார் என்பர். இது நடந்ததாகச் சொல்லப்படுவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. நம் தெருக்களுக்கு அருகிலேதான்.

நம் இல்லங்களில் குருவானவர் உண்டு சென்ற பின் யாரும் தரையைக் கழுவுவதில்லை. ஆனால் கதவைச் சாத்தியதும் பேச்சுத் தொடங்குகிறது. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே உண்கிறார்கள். அண்மையில் நாம் சென்றிருந்த ஒரு வீட்டில், புதுநன்மை வாங்கிய சிறுவன் ஒருவன் தன் பாட்டனாரிடம் கேட்டான்: “ஏன் தாத்தா, ஆயரான பிறகும் சாதி இருக்குமா?” பெரியவர் மறுமொழி கூறவில்லை. அருகிலேயே கிடந்த செபமாலையை நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.