இரும்போடு போகும் காந்தம்

2025 ஏப்ரலில் சீனா 7 அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், காந்தம் கிடைக்காமல் நம் நாட்டு வாகன ஆலைகள் திணறின. அதே நியோடிமியம் காந்தம் நாம் எடைக்குப் போடும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கிறது.

டெல்லி சீலம்பூரில் இவற்றைக் கையால் பிரிப்பவர்களில் நம் சமுதாயத்து ஏழைகள் ஏராளம். செம்பும் தங்கமும்தான் அவர்களுக்குக் காசு (ஆசிட் புகை இலவசம்!). காந்தம் பெரும்பாலும் இரும்போடு போய்விடுகிறது.

செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கனிம மறுசுழற்சிக்கு ரூ.1,500 கோடி ஒதுக்கியதை வரவேற்கிறோம். மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்காம். எந்தப் பதிவும் இல்லாத சீலம்பூர்த் தொழிலாளிக்கு அதில் இடம் எங்கே? பிரித்த காந்தத்தை நியாய விலைக்கு அவரிடமே ஆலைகள் வாங்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறோம்.