தோல் தொங்கினால் வயசுதானா?

தோல் தொங்குவது வயசின் வேலை, கறுத்த தோலை வெயில் ஒன்றும் செய்யாது, மிஞ்சினால் கொலாஜன் பானம் இருக்கிறது. லகாட்டிலிருந்து ஈப்போ வரை இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மூன்றுமே அரைகுறை.

'தோட்டத்துத் தாத்தா வெயிலிலேயே உழைத்தார், தோல் கெட்டா போயிற்று?' என்பது வழக்கமான சாட்சி. பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நின்றார்கள். அந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடிப் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறுமுன் வெட்டு பெரும்பாலும் முடிந்துவிடும். அதுவும் மரநிழலில், முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக. தாத்தாவைக் காத்ததில் நிழலுக்கும் துணிக்கும் பெரிய பங்கு உண்டு. வெட்டவெளியில் புல் வெட்டியவர்கள் கதை வேறு.

நிறத்துக்கும் பங்கு உண்டுதான். அமெரிக்காவில் 1979 இல் வந்த ஆய்வு ஒன்றில், வெள்ளையர் மேல்தோல் வெயிலின் யு.வி.ஏ. கதிரில் ஏறத்தாழ 55 விழுக்காட்டை உள்ளே விட்டது. கறுப்பினத்தவர் தோல் 17.5 விழுக்காட்டை விட்டது. குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. இந்தக் கதிர் கண்ணாடியையும் ஊடுருவும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012 இல் மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கமான இடக் கன்னம் மட்டும் தடித்து, சுருங்கித் தொங்கியது. இரண்டு கன்னத்துக்கும் வயசு ஒன்றுதானே! நம் நாட்டு ஓட்டுநருக்கு ஜன்னல் வலப்பக்கம்.

வெயில் செய்யும் சேதத்தில் தோலின் மீள்நார்கள் உடைந்து குவிகின்றன. வேறு சில நோய்களில் நார்களே காணாமல் போகின்றன; அவை இளவயதிலும் வரும். அனெட்டோடெர்மாவில் தோலில் சிறு சிறு இடங்கள் தொளதொளத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகும். பார்க்க அற்பம். ஆனால் சிலருக்கு இதனோடு இரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்புரதங்களும் இருக்கும். அவை காலில் இரத்தக்கட்டையும், கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவையும் கொண்டுவரக்கூடும். பிறவியிலேயே தோல் தளர்ந்திருக்கும் குட்டிஸ் லாக்ஸாவின் சில வகைகளில் நுரையீரலும் பெருந்தமனியும் பாதிக்கப்படும். இதையெல்லாம் 'வயசின் வேலை' என்று தள்ளுவதுதான் மூன்று தவறுகளிலும் ஆபத்தானது.

கொலாஜன் பானமா? தொலைந்த மீள்நாரின் புரதம் எலாஸ்டின். கொலாஜன் வேறு புரதம். குடித்ததைக் குடல் துண்டு துண்டாக்கிவிடும். எலாஸ்டினை உடல் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே செய்து முடிக்கிறது. 1991 இல் வெளிவந்த ஆய்வு, மனித நுரையீரலின் எலாஸ்டின் சராசரியாக 74 ஆண்டுகள் நிலைக்கும் என்று கணக்கிட்டது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பனை வைத்துப் போட்ட கணக்கு அது. வெயில் சுருக்கத்தை டிரெட்டினாயின் களிம்பு ஓரளவு குறைக்கும். அனெட்டோடெர்மாவில் போன நாரைத் திரும்பக் கொண்டுவரும் நிரூபணமான மருந்து இல்லை.

இளவயதில் தோல் ஓரிடத்தில் மட்டும் தொளதொளத்தால், பானத்துக்குச் செலவழிக்கும் முன் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, தோல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.