இரவல் காவலை நம்பி எத்தனை நாள்?

ஐரோப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது!

75 வருஷத்துக்கு மேல் வாசலில் நிற்கிற அமெரிக்கக் காவல்காரர், "உன் வீட்டை நீயே பார்த்துக்கொள்" என்கிற தோரணையில் பேசத் தொடங்கிவிட்டார்.

1949-ல் 12 நாடுகள் கூடி "நேட்டோ" கூட்டணியை அமைத்தன. இன்று 32 நாடுகள். ஒருவரை அடித்தால் எல்லோரையும் அடித்த மாதிரி. இதுதான் ஒப்பந்தம்.

இந்த விதி ஒரே ஒரு முறைதான் கையில் எடுக்கப்பட்டது. எப்போது தெரியுமா? 2001-ல் அமெரிக்கா தாக்கப்பட்டபோது! ஐரோப்பிய வீரர்கள் ஆப்கானிஸ்தான் வரை போனார்கள். உயிரையும் கொடுத்தார்கள்.

ஆனால், சொந்த வீட்டுக்குப் பூட்டுப் போட மறந்தார்கள்!

ஜெர்மனி 2011-ல் கட்டாய ராணுவ சேவையை நிறுத்தி வைத்தது. 2014-ல் ரஷியா கிரிமியாவை விழுங்கியது. உடனே கூடிப் பேசினார்கள். நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 2 பங்கு ராணுவத்துக்கு என்று முடிவானது. அந்த ஆண்டு அந்த அளவை எட்டியிருந்த ஐரோப்பிய நாடுகள் பிரிட்டன், கிரீஸ். இரண்டே இரண்டு!

பாதி குண்டுதான்!

2022 பிப்ரவரி 24-ந்தேதி ரஷிய டாங்கிகள் உக்ரைனுக்குள் புகுந்தன. 12 மாதத்தில் 10 லட்சம் பீரங்கிக் குண்டு தருவதாக 2023-ல் ஐரோப்பிய யூனியன் வாக்குக் கொடுத்தது. கெடு முடிந்தது. போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய பாதி!

காசு இல்லாமலா? இல்லை. குண்டு செய்யத் தொழிற்சாலை போதவில்லை.

2025 மார்ச்சில் உக்ரைனுக்கு ஆயுதத்தையும் உளவுத் தகவலையும் அமெரிக்கா சில நாள் நிறுத்தியது. அப்போதுதான் பலருக்கு வியர்த்தது. ஜூன் மாதம், 2035-க்குள் நூற்றுக்கு 5 பங்கு என்று நேட்டோ முடிவு செய்தது.

பணம் ஒதுக்கினால் போதுமா? வேவு பார்க்கும் செயற்கைக்கோளுக்கும், நடுவானில் விமானத்துக்கு எரிபொருள் ஊற்றவும் இன்னும் அமெரிக்காவைத்தானே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது!

பின்லாந்தைப் பாருங்கள்

சுமார் 56 லட்சம் பேர் வாழும் நாடு. ரஷியாவுடன் 1,340 கிலோ மீட்டர் எல்லை. 2023 வரை நேட்டோவில் இல்லை. யார் வருவார் என்று காத்திருக்கவும் இல்லை. கட்டாய ராணுவ சேவையைக் கைவிடவே இல்லை. குண்டு விழுந்தால் 48 லட்சம் பேர் பதுங்க இடம் கட்டி வைத்திருக்கிறது!

இரவல் சீலையை நம்பி இடுப்புச் சீலையை எறியாதே என்பார்கள். பின்லாந்து எறியவில்லை. மற்றவர்கள் எறிந்தார்கள்.

காவல்காரர் நாளைக்கே கிளம்பிவிட மாட்டார். ஆனால் தொழிற்சாலை கட்டவும், வீரரைப் பழக்கவும் வருஷக்கணக்கில் ஆகும். திருடன் அதுவரை காத்திருப்பானா?