பார்க்கவில்லை என்ற பொய்

பெர்லின் நகரத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது சுவரைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள். 1961-ல் எழும்பி 1989-ல் திறந்த அந்தச் சுவரைப் பற்றி எழுத வேண்டியதுதான். ஆனால் சுவருக்கு முன்னாலேயே அந்த நகரத்தில் வேலிகள் இருந்தன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெர்லினுக்குள் மட்டும் சுமார் 3,000 கட்டாய உழைப்பு முகாம்கள் இருந்தன. முந்நூறு அல்ல, மூவாயிரம்.

போலந்திலிருந்தும் உக்ரேனிலிருந்தும் பிடித்து வரப்பட்ட ஆண்களும் பெண்களும், பிரெஞ்சுக்காரர்களும், டச்சுக்காரர்களும், 1943-ல் ஆயுதம் பறிக்கப்பட்ட இத்தாலியச் சிப்பாய்களும் அவற்றில் அடைந்து கிடந்தார்கள். யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 5 லட்சம் பேர் அந்த ஒரு நகரத்தில் இப்படி உழைத்தார்கள். இன்று அங்கே போனால் அந்த மூவாயிரத்தில் மிகப் பெரும்பாலானவற்றின் சுவடுகூடக் கண்ணில் படாது. இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. மூன்றும் எனக்குச் சம்மதமில்லை.

முதல் சமாதானம், 'அக்கம்பக்கத்தாருக்கு ஒன்றும் தெரியாது' என்பது. முகாம்கள் ஏதோ காட்டுக்குள் மறைந்திருக்கவில்லை. குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இருந்தன. நாய்க்கோல்ன் பகுதியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்தவ சபைகள் பல கூடி ஒரு முகாம் நடத்தின. சோவியத் பிரதேசங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சுமார் 100 பேர் 1942 முதல் 1945 வரை அங்கே குழி வெட்டினார்கள். போலந்துக்காரர்களின் சட்டையில் 'பி' என்ற எழுத்து. சோவியத் பிரதேசத்தாரின் மார்பில் 'ஓஸ்ட்', அதாவது கிழக்கு என்ற சொல். இந்த அடையாளங்களை எதற்காகத் தைத்தார்கள்? தெருவில் போகிறவன் பார்த்து ஒதுங்க வேண்டும் என்பதற்காகத்தான். பிறர் பார்ப்பதற்கென்றே தைத்த எழுத்தை யாருமே பார்க்கவில்லை என்றால் எப்படி நம்புவது? நான் கதை எழுதுகிறவன். இப்படியொரு கதையை நான் எழுதினால் வாசகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

இரண்டாவது சமாதானம், 'மரக்கொட்டகைகள்தானே, குண்டு விழுந்து எரிந்துபோயின, மற்றது மக்கிப்போயிற்று' என்பது. பல இடங்களில் இது வாஸ்தவம். ஆனால் ஷோனவைடெ என்ற பகுதியில் 2,000 பேருக்கு மேல் அடைப்பதற்காகக் கட்டிய 13 கொட்டகைகள் மரமல்ல, கல்லும் காரையும். யுத்தத்துக்குப் பிறகும் அவை இடியவில்லை. ஒரு பகுதியில் தடுப்பூசி ஆராய்ச்சி நடந்தது. வேறு காரியங்களுக்கும் உபயோகப்பட்டன. சர்க்கார் அவற்றைப் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடங்களாக அறிவித்தது 1995-ல். கட்டாய உழைப்பின் சரித்திரத்தைச் சொல்லும் நிலையம் அங்கே திறந்தது 2006-ல். கட்டடம் நின்றது, ஞாபகம் மட்டும் அறுபது வருஷம் காணாமல் போயிற்று. ஆகவே பழியை மரத்தின்மேல் போடுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் கண்ணியமானது. 'நகரத்தில் நினைவுச் சின்னங்கள் ஏற்கெனவே நிறைய. உயிரோடிருப்பவர்களுக்கும் இடம் வேண்டாமா?' என்பது. வேண்டும். டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008-ல் மூடப்பட்டு, 2010-ல் அந்த மைதானம் பூங்காவாயிற்று. குழந்தைகள் அங்கே காற்றாடி விடுகிறார்கள். நன்றாக விடட்டும். யுத்த காலத்தில் அதே இடத்தில் கட்டாயத் தொழிலாளிகள் 'ஸ்டூக்கா' என்ற குண்டுவீச்சு விமானங்களைப் பூட்டினார்கள். மைதானத்தின் ஓரத்தில் அவர்களுடைய கொட்டகைகள் இருந்தன. 2012 முதல் தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் தோண்டி அவற்றின் அஸ்திவாரங்களைக் கண்டார்கள். இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு காற்றாடியின் நூலும் அறுந்துவிடாது. 2005-ல் நகரத்தின் நடுவே 2,711 கற்பாளங்களை நிறுத்தி, கொல்லப்பட்ட யூதர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அது அவசியமான காரியம். ஆனால் பெரிய சின்னத்தை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். இந்த முகாம்களோ வீட்டு வாசலிலேயே இருந்தவை. அவற்றின் அடையாளமும் வாசலில்தான் இருக்க வேண்டும்.

'எண்பது வருஷம் ஆனபின் இதெல்லாம் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். மறதியால் லாபம் அடைந்தவர்கள் இருக்கிறார்கள், அதற்காகத்தான். ஜெர்மன் சர்க்காரும் தொழில் முதலாளிகளும் பாதிப்பாதியாக 1,000 கோடி மார்க் போட்டு நிதி ஏற்படுத்தியது 2000-ல். 2007 வரை 16 லட்சம் பேருக்கு மேல் பணம் கிடைத்தது. ஐம்பத்தைந்து வருஷம் காத்திருந்ததில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். இருந்தவர்களும், 'நான் இங்கே உழைத்தேன்' என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியிருந்தது. அடையாளமே அழிந்துபோன முகாமுக்கு ஒரு கிழவி எங்கே போய்ச் சாட்சி தேடுவாள்?

இத்தாலியச் சிப்பாய்களின் கதி இன்னும் விசித்திரம். 1943-ல் 'நீங்கள் யுத்தக் கைதிகள் அல்ல' என்று சொல்லி, கைதிகளுக்குரிய பாதுகாப்பைப் பறித்து அவர்களை வேலைக்கு அனுப்பினார்கள். 2001-ல் 'நீங்கள் யுத்தக் கைதிகள்தான். ஆகையால் இந்த நிதியில் உங்களுக்குப் பங்கில்லை' என்று பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை வாங்க ஒரு பெயர், கூலி மறுக்க ஒரு பெயர்! ஊர் மறந்திருந்தால்தான் இப்படிப்பட்ட நியாயம் செல்லுபடியாகும்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. மூவாயிரம் மண்டபங்கள் வேண்டாம். முகாம் இருந்த ஒவ்வொரு தெருவிலும் ஒரு சின்னப் பலகை போதும்: இங்கே முகாம் இருந்தது, இத்தனை பேர் இருந்தார்கள், இந்தத் தேசங்களிலிருந்து வந்தார்கள். அதோடு கடைசி வரியாக இன்னொன்றும் வேண்டும். அதைத்தான் எழுதத் தயங்குகிறார்கள். உழைத்தவர்களுக்காகக் கண்ணீர் விடுவது சுலபம். உழைப்பை வாங்கியவர் யார் என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். அந்த வரி இல்லாத பலகை அனுதாபப் பலகையாகவே நிற்கும். அது சரித்திரம் ஆகாது.