எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி. கிடைக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தகரக் கொட்டகையிலிருந்து நைனாவின் வண்டியை வெளியே எடுத்தேன். கிணற்றடி வரை இருபது அடி முன்னால். பிறகு இருபது அடி பின்னால். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து டீ குடித்தேன். மூன்றரை வருட உழைப்புக்கு இப்போதைக்கு அவ்வளவுதான் தூரம். கேட்டைத் தாண்டித் தெருவில் சக்கரம் வைத்தால் சட்டப்படி குற்றம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

வண்டி மகிந்திரா எஃப்.சி. இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூக்கு இல்லாத ஜீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் டிரைவர் கேபின், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. எஃப்.சி. என்றால் ஃபார்வர்டு கன்ட்ரோல். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி ஐம்பதுகளின் பிற்பாதியில் கொண்டுவந்த வடிவம் இது. அங்கே 1965-ல் நிறுத்திவிட்டார்கள். அதே காலத்தில் இங்கே மகிந்திரா செய்ய ஆரம்பித்தது. இன்ஜின் டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில் இருக்கும். சித்திரை மாதம் அதில் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். மார்கழிக் குளிரில், டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குப் பஜனைக் கோஷ்டியை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் போகும்போது, நானும் தங்கையும் அந்த மூடிமேல் கையை வைத்துக்கொண்டே போவோம்.

1972-ல் நைனா வாங்கினார். எனக்கு அப்போது பதினொரு வயது. நூல் மூட்டை, தறிக்கான பாவு, வேர்க்கடலை, கோடையில் மாங்காய், எது வாடகைக்கு வந்தாலும் ஓடும். பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, அரக்கோணம் என்று சுற்றும். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் சொந்தபந்தத்தில் பாதிப்பேர் நகரி, புத்தூர் பக்கமே நின்றுவிட்டார்கள். மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றிப்போக வேண்டும் என்றாலும் அடுத்த மாநிலம், பர்மிட் கேட்பார்கள். எல்லைப் போராட்டம் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன்தான் நான். ஆனால் எல்லை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது செக்போஸ்ட்டில் இந்த வண்டியின் தொட்டியில் உட்கார்ந்து காத்திருந்த இரவுகளில்தான்.

என் பி.எஸ்சி. படிப்பு, பி.எட். கட்டணம், தங்கை கல்யாணம், இப்போது நான் உட்கார்ந்து இதை எழுதும் வீடு, எல்லாம் அந்தத் தொட்டியில் ஏறி இறங்கிய மூட்டைகள். 1996-க்குப் பிறகு நைனாவுக்குக் கண் சரியில்லை. வண்டி கொட்டகைக்குப் போனது. 1998-ல் அவரும் போய்விட்டார்.

நான் 2019-ல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருடம் ஊரடங்கு. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் தார்ப்பாயை விலக்கினேன். கோழி முட்டையிட்டிருந்தது. தரைத் தகடு கை வைத்தால் பொடிந்தது. தொட்டியின் பலகை முழுக்கக் கரையான். சீட்டில் எலிக் குடும்பம். என் மகன் பெங்களூரிலிருந்து வீடியோ காலில் பார்த்துவிட்டு, “அப்பா, காயலாங்கடைக்குப் போன் போடுங்க, அவங்களே வந்து எடுத்துப்பாங்க” என்றான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு அது துருப்பிடித்த இரும்பு.

எனக்கு உதவிக்கு வந்தவர் என் பழைய மாணவர் ஒருவர். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இன்று நகரி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறார். பாதி தமிழ், பாதி தெலுங்கு. சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, “பண்டி பாகுந்தி சார், தகரம்தான் போயிருக்கு, எலும்பு நல்லா இருக்கு” என்றார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

வேலையைப் பற்றி நிறையச் சொல்லலாம். கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். இன்ஜின் நாலு சிலிண்டர், 2.2 லிட்டர் பெட்ரோல். இதில் ஒரு விசேஷம்: காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும், புகை வெளியே போகும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். இயற்பியல் வாத்தியாராக முப்பது வருடம் இருந்தும் இதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். பிஸ்டன் துருவில் இறுகியிருந்தது. சிலிண்டரில் டீசலும் எண்ணெயும் ஊற்றிப் பதினெட்டு நாள் வைத்திருந்து, கிராங்க் ஹேண்டிலைத் தினமும் காலையில் மெதுவாக அசைத்துப் பார்ப்பேன். பத்தொன்பதாம் நாள் ஒரு விரற்கடை அசைந்தது. வீட்டுக்குள் ஓடிப்போய் என் மனைவியிடம் சொன்னேன். “பேரன் பொறந்தப்பகூட இப்படி ஓடி வரல” என்றாள்.

சாமான்களுக்குப் புதுப்பேட்டைக்கு ஏழெட்டு முறை ரயிலேறினேன். அந்தச் சந்துகளில் கிடைக்காத வண்டிச் சாமான் கிடையாது என்பார்கள், ஓரளவு உண்மைதான். பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர், பெட்ரோல் பம்ப் எல்லாம் அங்கே தேறியது. கமான் பட்டையில் இரண்டு உடைந்திருந்தது. அதை அடித்துக் கொடுக்க ஆள் இங்கேயே இருந்தார். தொட்டிக்கு வேம்புப் பலகை போட்டேன். நைனாவும் வேம்புதான் போட்டிருந்தார்.

முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது கார்புரேட்டர் வழியாக வெடித்து என் முன்மயிர் கருகியது. பிளக் வயர்களை நான்தான் மாட்டியிருந்தேன், 1-2-3-4 என்று. மாணவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “வரிசையா எரியாது சார். 1-3-4-2. எங்கள வரிசையில நிக்க வெச்ச பழக்கத்துல இதையும் நிக்க வெச்சிட்டீங்க.”

இன்னொரு வில்லங்கம், இன்றைய பெட்ரோல். இப்போது வருவதில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. பம்ப்பின் டயாஃப்ரம் நாலு மாதத்தில் ஊதிப்போனது. எத்தனாலைத் தாங்கும் ரப்பர் தேடி மாற்றினோம். கரும்பிலிருந்து வருவது எத்தனால். பக்கத்துத் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற வண்டிகளை நாள்தோறும் பார்க்கிற ஊர்க்காரன் நான். அதை எதிர்த்துப் பேச மாட்டேன்.

சரி, வண்டி ஓடுகிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். நல்ல விதி. படித்தபோது நைனாவுக்கே கடிதம் வந்த மாதிரி சந்தோஷப்பட்டேன். 2022-ல் நம் வண்டிக்கு 50 முடிகிறது அல்லவா?

மறுபடி நிதானமாகப் படித்தேன். விதி எந்த வண்டிகளுக்கு? இரண்டு சக்கர வண்டிகள். நான்கு சக்கரத்தில் ‘எம்1’ வகை. எம்1 என்றால் ஆட்கள் போகும் சிறிய கார், ஜீப். சரக்கு வண்டி ‘என்’ வகை. அது பட்டியலிலேயே இல்லை. எங்கள் ஆர்.சி. புத்தகத்தில் சரக்கு வாகனம் என்று எழுதியிருக்கிறது. நைனா பொய் சொல்லத் தெரியாதவர். சொந்த உபயோகம் என்று எழுதி வாங்கியிருந்தால் இன்றைக்கு நான் பிழைத்திருப்பேன்.

அப்படியானால் மீதி வழி? சாதாரணச் சரக்கு வண்டியாகவே வருடா வருடம் எஃப்.சி. காட்டுவது. எஃப்.சி. வண்டிக்கு எஃப்.சி.! 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு தாண்டிய லாரி, பஸ்ஸுக்கு எஃப்.சி. கட்டணம் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. சின்ன வண்டிகளுக்கும் பல மடங்கு ஏறியது. ஓடிச் சம்பாதிக்கும் பழைய வண்டிகளைக் குறைக்கத்தான் அந்தக் கட்டணம். வருடத்தில் நாலு நாள் வெளியே வரப்போகிற வண்டிக்கும் அதே தராசு. பழைய பதிவைப் புதுப்பிக்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் நல்ல பிள்ளை, எழுந்து நின்று பேசினார். கடைசியில், “சார், எடைக்குப் போட்டா நல்ல காசு வரும் சார்” என்றார். என் மகன் சொன்னதேதான்.

வண்டி கழிவுக் கொள்கைக்கு நான் எதிரி இல்லை. கருப்புப் புகை கக்கிக்கொண்டு, பிரேக் பிடிக்காமல், பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும் பழைய வண்டிகளைப் பார்த்தவன் நான். அவை போகட்டும். என் கேள்வி வேறு. ராஜா ஏறிய கார், ஜமீன் ஏறிய கார், டாக்டர் ஏறிய கார் இவையெல்லாம் வரலாறு. அவர்கள் சாப்பிட்ட அரிசியை ஏற்றி வந்த வண்டி மட்டும் இரும்பா? கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தை இரண்டு முறை சுற்றிப் பார்த்திருக்கிறேன். அருமையான இடம், பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அங்கே நிற்கும்போதும் எனக்கு நைனாவின் வண்டி ஞாபகம்தான். எங்கள் பக்கம் நெசவுப் பூமி என்பதால் எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரிகிறது: சேலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தறியை அடுப்பில் போடுகிறோம்.

இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டன் வரை பழைய கார்களின் ஓட்டம் நடப்பது பலருக்குத் தெரியும். அதே பாதையில் பழைய லாரி, வேன், பஸ்களுக்கென்றே ஒரு ஓட்டத்தை அறுபதுகளிலிருந்து நடத்துகிறார்கள். பால் வண்டி, ரொட்டி வண்டிகூட வரும். ஓட்டுபவர்களில் பலர் அந்தத் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளைகள்.

‘ஒரிஜினல்’ என்ற நிபந்தனையும் உறுத்துகிறது. சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாதாம். ஷெட்டில் துடைத்து வைத்த காருக்கு அது சரி. உழைத்த வண்டி அப்படி இருக்குமா? எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது எத்தனையோ ஜீப்காரர்கள் டீசல் இன்ஜின் மாற்றினார்கள். நைனாவிடம் அதற்குப் பணம் இல்லாததால்தான் எங்கள் இன்ஜின் தப்பியது. ஆனால் 1985-ல் கருங்கல் ஏற்றி வந்தபோது சேஸியில் விரிசல் விட்டு, பட்டி வைத்து வெல்டிங் அடித்தார். அந்த வெல்டிங் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைத் தேய்த்து மறைக்கலாமா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதிகாரி அதை மாற்றம் என்று எழுதினால் எழுதட்டும். அதுவும் அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகம்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த விதியில் எம்1 என்று இருக்கும் இடத்தில் சிறிய சரக்கு வண்டி வகையான என்1-ஐயும் சேர்க்க வேண்டும். பிழைப்புக்காகச் செய்த பழைய பழுதுகளை, ஆவணமோ படமோ இருந்தால், ஏற்க வேண்டும். கட்டணம் அதே 20,000 இருக்கட்டும்; கட்டுகிறேன். வாடகைக்கு விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். பிரேக்கைச் சோதிக்கட்டும், புகையைச் சோதிக்கட்டும், சந்தோஷம். இதையே மனுவாக எழுதி டெல்லிக்கும் சென்னைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டு வந்துவிட்டது, பதில் வரவில்லை.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு மட்டடோர், ஒரு டெம்போ, ஒரு ஸ்டாண்டர்டு வேன் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கலாம். அடுத்த முறை காயலாங்கடைக்காரர் எடைக்கல்லோடு வரும்போது ஆர்.சி. புத்தகத்தையாவது எடுத்து வையுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு மனு எழுதுங்கள். நான் ஒருவன் எழுதினால் அது ஒரு கிழவனின் ஆசை என்று கோப்பில் தூங்கும்.

மகன் தீபாவளிக்கு வந்திருந்தான். பேரனைத் தொட்டியில் ஏற்றி உட்காரவைத்து, அந்த இருபது அடி ஓட்டினேன். “தாத்தா, இன்னொரு தடவை” என்றான். ரிவர்ஸ் கியர் போட்டேன். அவன் கை இன்ஜின் மூடிமேல் இருக்கட்டும் என்று அடுத்த முறை முன் சீட்டுக்கு மாற்றினோம். மகன் ஒன்றும் சொல்லவில்லை. பின்கதவின் சங்கிலி ஒருபக்கம் அறுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அளவெடுத்து எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.