தோற்கும் குதிரையும் திறமை வாதமும்

குதிரைப் பந்தயம் சூதாட்டம் அன்று, அது திறமை விளையாட்டு என்று 1996-ஆம் ஆண்டு சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974-இல் கலைஞர் தலைமையிலான கழக அரசு பந்தயத்தை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம், நீதிமன்றப் படிகளில் பல ஆண்டுகள் ஏறி இறங்கி, கடைசியில் இந்த ஒரு சொல்லின் முன்னே வலிமை இழந்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல், முன் ஓடிய ஓட்டங்களின் கணக்கு ஆகியவற்றை ஆராய்ந்துதான் பணம் கட்டுகிறார்கள், ஆகவே இது குருட்டு அதிர்ஷ்டம் அல்ல என்பதே வாதத்தின் சாரம்.

திறமை என்றே வைத்துக்கொள்வோம். நாம் அதை மறுக்கப் போவதில்லை. அந்தத் திறமை எப்படிப்பட்டது, யாரிடம் இருக்கிறது, யார் மீது பாய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறோம். அதற்கு, சீமையிலே அது தன் முழு உருவத்தைக் காட்டிய ஒரு வியாபாரத்தைப் பார்த்தாலே போதும்.

முன்பெல்லாம் பந்தயத்திலே சாதாரண மனிதன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு குதிரை வெல்லும் என்று பணம் கட்டுவான். அது தோற்கும் என்று எதிரே நிற்பவர் புக்கி. 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘பெட்ஃபேர்’ என்னும் நிறுவனம் கணினி வழியே ஒரு சந்தையைத் திறந்தது. அங்கே எவரும் புக்கியின் நாற்காலியில் அமரலாம். இந்தக் குதிரை வெல்லாது என்று ஒருவர் சொல்ல, வெல்லும் என்று இன்னொருவர் கட்ட, நிறுவனம் நடுவிலே நின்று வென்றவரிடம் தரகு வாங்கிக்கொள்ளும். அந்தத் தரகு நெடுங்காலம் நூற்றுக்கு 5 ஆக இருந்தது. இவ்வாறு தோல்வியின் மேல் பணம் வைப்பதை நாம் எதிர்ப்பணயம் என்று அழைப்போம்.

எதிர்ப்பணயம் கட்டுபவன் தேடுவது நொண்டிக் குதிரையை அல்ல. நொண்டிக் குதிரையின் மேல் பணம் கட்ட எவன் வருவான்? அவன் தேடுவது பேவரிட்டை, அதாவது ஊரே நம்பும் குதிரையை. அந்த நம்பிக்கைக்கும் குதிரையின் உண்மை நிலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அவனுடைய வயல். சென்ற ஓட்டத்தில் வென்றதே என்று ஊர் கொண்டாடும். வென்றபோது எதிரே ஓடியவை எந்தத் தரத்துக் குதிரைகள் என்று அவன் பார்ப்பான். ஆறு பர்லாங்கில் பறந்த குதிரை இன்று எட்டு பர்லாங்கு ஓட வேண்டியிருக்கிறதா? காய்ந்த தரையில் பழகிய கால் இன்று மழையில் ஊறிய புல்லில் பதியப் போகிறதா? வென்றதற்குத் தண்டனையாக ஹாண்டிகாப் கணக்கில் முதுகிலே கூடுதல் எடை ஏற்றியிருக்கிறார்களா? பல மாதம் லாயத்தில் நின்றுவிட்டு இன்றுதான் வெளியே வருகிறதா? முன்னோடியாகவே ஓடிப் பழகிய குதிரைக்கு, அதே குணமுள்ள இன்னும் இரண்டு குதிரைகள் போட்டிக்கு நிற்கின்றனவா? பெயர்பெற்ற ஜாக்கி ஏறுகிறார் என்பதற்காக மட்டுமே விலை இறங்கியிருக்கிறதா? இத்தனையும் பார்க்கிறான். இது படிப்புத்தான், உழைப்புத்தான். இரவெல்லாம் விழித்துக் கணக்குப் போடுகிறவனைச் சோம்பேறி என்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் கணக்கு என்று வந்தபின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். இங்கிலாந்திலே பேவரிட் குதிரைகள் ஏறத்தாழ மூன்றில் ஓர் ஓட்டத்தில்தான் வெல்கின்றன. ஆகா, மூன்றில் இரண்டு தோற்கிறதே, எதிர்த்துக் கட்டினால் கொழுத்த ஆதாயம் என்று குதிப்பவன் தொலைந்தான். ஒன்றுக்கு இரண்டு விலையுள்ள பேவரிட்டின் மேல் 100 ரூபாய் கட்டுபவனுக்கு எதிரே நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை தோற்றால் நமக்கு 100. வென்றால் நாம் கொடுக்க வேண்டியது 200. மூன்று ஓட்டங்களில் இரண்டு முறை வரவு, ஒரு முறை செலவு, முடிவு பூச்சியம். வென்ற இரண்டு நூறுக்கும் தரகு 10 ரூபாய் போக, கையில் இருப்பது நட்டம். விலை கூடிய குதிரை என்றால் இன்னும் கொடுமை. ஒன்றுக்கு இருபது விலையில் எதிர்த்து நிற்பவன் பத்தொன்பது முறை நூறு நூறாகப் பொறுக்கிச் சேர்த்ததை, ஒரே ஓட்டத்தில் 2000 ரூபாயாகக் கொட்டிவிட்டு வீடு திரும்புவான்.

ஆதாயம் வருவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. மூன்றில் ஒருமுறை வெல்லும் என்று ஊர் மதிப்பிட்ட குதிரை, உண்மையில் ஐந்தில் ஒருமுறைதான் வெல்லும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஐந்து ஓட்டங்களில் நான்கு முறை நூறு வரும், ஒரு முறை இருநூறு போகும். தரகுக்கு முன் மிச்சம் 200 ரூபாய். இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். அந்த 200 எங்கிருந்து வந்தது? குதிரை கொடுத்ததா? புல்வெளி விளைத்ததா? அந்தக் குதிரையை நம்பிக் கட்டிய இன்னொரு மனிதனின் சட்டைப்பையிலிருந்து வந்தது. இரவெல்லாம் விழித்துக் கணக்குப் போட நேரமில்லாத, வேலை முடிந்து வரும் வழியில் பெயரையும் ஜாக்கியையும் பார்த்துப் பணம் வைத்த மனிதன் அவன்.

திறமை விளையாட்டு என்பதன் பொருள் இதுதான். பகடையிலே ஏழையும் பணக்காரனும் ஒரே குருட்டுத்தனத்தில் உட்காருகிறார்கள். திறமை புகுந்த சூதில் ஒருவனுக்குக் கண் இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை. பந்தயத்தைக் காப்பாற்ற வந்த வாதமே, அதன் மீது சுமத்தத்தக்க பெரிய குற்றச்சாட்டாக நமக்குத் தெரிகிறது. சகுனி கையிலே இருந்ததும் திறமைதானே! அவன் தருமனை அதிர்ஷ்டத்தால் வென்றான் என்று எந்தக் கதாகாலட்சேபக்காரரும் சொல்லக் கேட்டதில்லை. வள்ளுவரும் சூதுக்கென ஒதுக்கிய 94-ஆம் அதிகாரத்தைத் தோல்வியைக் காட்டி அச்சுறுத்தித் தொடங்கவில்லை. வெற்றியைத்தான் முதலில் எச்சரிக்கிறார்.

சரி, அந்தத் திறமையாவது பலருக்கு வாய்க்கிறதா? பெட்ஃபேர் நிறுவனமே விடை சொல்லியிருக்கிறது. தொடர்ந்து வெல்லும் மிகச் சிலரிடமிருந்து 2008-ஆம் ஆண்டு முதல் தனிக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. நூற்றுக்கு 20 வரை போன அந்தக் கட்டணம், 2011-இல் மிகப் பெரிய ஆதாயக்காரர்களுக்கு 60 வரை உயர்ந்தது. ஊரைச் சுரண்டும் சிலரை, ஊரே வற்றிப்போகாதபடி சந்தைக்காரன் மட்டுப்படுத்திய காட்சி அது!

இன்னொரு செய்தியும் உண்டு. இது ஏழைப் பணயக்காரனை மட்டுமல்ல, குதிரையையும் ஜாக்கியையும் தொடுவது. ஒரு குதிரையைச் சூழ்ச்சியால் வெல்ல வைப்பது கடினம். உடன் ஓடும் பத்துக் குதிரைகளையும் அடக்கியாக வேண்டும். தோற்க வைப்பதற்கு ஒரு கை கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் போதும். முன்பு அந்தச் சூழ்ச்சிக்கு ஒரு புக்கியின் துணை வேண்டியிருந்தது. எதிர்ப்பணயச் சந்தை அந்தத் தேவையைப் போக்கிவிட்டது. இதை உணர்ந்தே பிரிட்டிஷ் பந்தய விதிகள், உரிமையாளரும் பயிற்சியாளரும் தம் குதிரைக்கு எதிராகக் கட்டக்கூடாது என்று தடுக்கின்றன. ஜாக்கிகள் பந்தயத்தில் பணம் வைக்கவே கூடாது. இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 2007-ஆம் ஆண்டு, 27 ஓட்டங்களைப் பற்றி, புகழ்பெற்ற ஜாக்கி ஒருவர் உட்பட ஆறு பேர் மீது இத்தகைய வழக்கு நடந்தது. வழக்கில் சாரமில்லை என்று நீதிபதி அறுவரையும் விடுவித்தார். அவர்கள் குற்றமற்றவர்கள், அதில் நமக்கு மறுப்பில்லை. குற்றமற்றவர் மீதும் ஐயம் விழும்படியான ஆட்டத்தைத் திறந்துவைத்தது யார் என்பதே நம் கேள்வி.

கணினிச் சந்தையில் ஒவ்வொரு பணயமும் பதிவாகிறது, களவு நடந்தால் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். உண்மைதான், பழைய புக்கியின் துண்டுச்சீட்டைவிட அது மேல். ஆனால் அந்தப் பதிவு களவாடுபவனைக் காட்டிக்கொடுக்குமே தவிர, விதிப்படி ஆடியே ஏமாளியின் பையைக் காலி செய்பவனைக் காட்டிக்கொடுக்காது. அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை, வெறும் திறமைசாலி.

1996 தீர்ப்பின் அந்தச் சொல் கிண்டியோடு நிற்கவில்லை. சீட்டாட்டத்தைக் கைபேசிக்குள் கொண்டுவந்தவர்களும் அதே சொல்லைக் கவசமாக அணிந்துதான் நீதிமன்றம் சென்றார்கள். தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்திலிருந்து 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் சென்னை உயர்நீதிமன்றத்தில் விலக்குப் பெற்றதும், அவை திறமை ஆட்டங்கள் என்னும் பேரால்தான். இனி இத்தகைய வழக்கு எந்த மன்றத்தில் வந்தாலும், அரசு வழக்கறிஞர்கள் ‘இதில் திறமை இல்லை’ என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். திறமை இருக்கிறது என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு, மூன்று ஓட்டங்களின் கணக்கையும் ஐந்து ஓட்டங்களின் கணக்கையும் ஒரு தாளில் எழுதி நீதிபதிகள் முன் வைக்கட்டும். அந்த 200 ரூபாய் யாருடையது என்று கேட்கட்டும்.