பேணியில் தொற்றாத நோய்

கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீடானாலும் வெள்ளவத்தைத் தொடர்மாடியானாலும், ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையும் தேத்தண்ணிப் பேணியும் தனியாகிவிடுகின்றன. பேணி மாறிவிடாமலிருக்க அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி. கழுவத் தனிப் பஞ்சு. இதையெல்லாம் செய்தபின் வீட்டாருக்கு ஒரு நிம்மதி. ஆபத்து அந்த நிம்மதியில்தான் இருக்கிறது.

காசநோய் பாத்திரத்தால் தொற்றாது. நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றைச் சுவாசித்தால்தான் தொற்று. ஆனால் நாம் செய்வது என்ன? பேணியைப் பிரித்துவிட்டு, நுளம்புக்குப் பயந்து யன்னலைச் சாத்தி, எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறோம். தொடர்மாடியில் அதற்கு ஏசியும் சேர்ந்துகொள்கிறது.

‘சுத்தம் பார்ப்பதில் என்ன பிழை?’ என்பார்கள். எந்தக் கிருமிக்கு எந்தச் சுத்தம் என்று கேட்காததுதான் பிழை. நெருப்புக்காய்ச்சலும் வாந்திபேதியும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுபவை. அங்கே கொதித்தாறிய நீரும் கை கழுவுதலும் உயிர் காக்கும். எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலிருந்து தோலின் கீறல் வழியாக நுழையும். எல்லாமே பக்டீரியாக்கள்தான், பரவும் வழிதான் வேறு வேறு.

1882 மார்ச் 24இல் பெர்லினில் றொபேட் கொக் அறிவித்த காசநோய்க் கிருமி இவற்றிலிருந்து வேறுபட்ட இனம். அதன் சுவரில் மெழுகு போன்ற கொழுப்புப் படை உண்டு. பக்டீரியாக்களை வகைபிரிக்கும் கிராம் சாயம் அதில் சரியாகப் பிடிப்பதில்லை. சளியைக் கண்ணாடித் தட்டில் பூசி, சிவப்புச் சாயமிட்டுச் சூடாக்கி, அமிலத்தால் கழுவினாலும் அந்தச் சிவப்பு போகாது. நீலப் பின்னணியில் சிவந்த குச்சிகளாய்த் தெரியும். குடற்கிருமிகள் சில 20 நிமிடத்தில் இரண்டாகும்போது, இது ஒருமுறை பிரியவே ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். ஆறு மாதம் குளிசை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கையில் காசநோயாளர் அதிகம் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. பேணியைப் பிரிக்கும் வழக்கம் இங்கு யாரையும் காப்பாற்றவில்லை. நோயை ஒளிக்கத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. கலியாணப் பேச்சு குழம்பும், வாடகை வீடு பறிபோகும் என்று பயந்து, இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கும் பாமசியில் பாணி மருந்து வாங்கிக் குடிக்கிறார்கள். சிகிச்சை தொடங்காத அந்த நாட்களில்தான் கிருமி அதிகம் பரவுகிறது. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் சில வாரங்களிலேயே பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் வீட்டில் பேணி மட்டும் வருடக்கணக்கில் தனியாகவே இருக்கும்.

அரசாங்க மார்பு நோய் கிளினிக்குகளில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோயாளியின் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள், அங்கே போய்த் தங்களைச் சோதிக்க வேண்டும். யன்னலைத் திறக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஒரு மனிதரின் பேணியில் புள்ளி வைப்பதற்குச் சுகாதாரம் என்று பெயரில்லை. அது வெறும் ஒதுக்கல்.